புறா எச்சத்தில் நான் பார்ப்பது முட்டையா, காற்றுக் குமிழியா?

காட்பாடி_மொட்டைமாடி

எல்லாருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் பந்தயத்துக்குப் பறக்கும் ஹோமர் 22, கர்ணம் அடிக்கிறது 6, அழகுக்கு இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். மூன்று மாதமாகக் குஞ்சுகள் தேறவே இல்லை. தீனி நன்றாக எடுக்கின்றன, ஆனால் கையில் பிடித்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி உறுத்துகிறது. எச்சம் ஒரு நாள் கெட்டியாக, மறுநாள் சளி கலந்து பச்சையாக. இதுவரை நான் செய்தது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான்: மாதம் பிறந்தால் ஒரு பூச்சி மருந்து, நடுவில் ஒரு ஆன்டிபயாடிக், கடைக்காரர் கையில் எதைக் கொடுக்கிறாரோ அது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய மைக்ரோஸ்கோப் ஒன்று 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது, கீழே கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும், 10, 40, 100 என்று மூன்று லென்ஸ். நேற்று எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக நூற்றுக்கணக்கில்! பெரிது, சிறிது, கறுப்பு வளையம் போட்டது, வளையம் இல்லாதது என்று எல்லா வகையும். இவ்வளவும் காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணியின் முட்டையா? மருந்து வாங்கி வைத்துவிட்டேன், இன்றைக்கே தண்ணீரில் கலந்துவிடலாமா?

குடியாத்தம்_பழசு

நாற்பது வருடமாகப் புறா வளர்க்கிறேன். விடியற்காலையில் கூண்டுப் பலகையைப் பார்த்தாலே எந்தப் பறவைக்கு என்ன என்று தெரியும். இதற்கெல்லாம் பூதக்கண்ணாடி வேண்டுமா தம்பி? பூண்டு நசுக்கித் தண்ணீரில் போடு, வாரம் ஒரு நாள் வேப்பிலை. அந்த 3,500 ரூபாய்க்கு நல்ல பச்சைப்பயறு வாங்கியிருக்கலாம்.

சத்துவாச்சாரி_லேப்

தம்பி, முதலில் மருந்தை ஓரமாக வையுங்கள்.

நான் மனிதர்களின் மலம் பார்க்கும் லேபில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள். புறா வளர்ப்பது என் சொந்தத் தம்பிதான், கூண்டு என் தலைக்கு மேலே இருப்பதால் இந்த விஷயமும் கொஞ்சம் தெரியும். நீங்கள் பார்த்த நூற்றுக்கணக்கில் முட்டை ஒன்றாவது இருந்திருந்தால் அதிர்ஷ்டம். கறுப்பாகத் தடித்த வளையம், நடுவில் பளபளப்பு, அளவு ஒன்றுக்கொன்று வேறு என்றால் காற்றுக் குமிழி. சொட்டை மூடுகிற மெல்லிய கண்ணாடியை, அதாவது கவர் ஸ்லிப்பை, ஊசி முனையால் மெல்ல அழுத்துங்கள், குமிழி நசுங்கும், பக்கத்துக் குமிழியோடு ஒட்டிக்கொள்ளும். முட்டை அப்படிச் செய்யாது.

வளையம் இல்லாத சின்ன உருண்டைகள் பாதிக்கு மேல் யூரிக் அமிலம். புறா எச்சத்தின் வெள்ளைப் பகுதி என்பது அதன் சிறுநீர்தான், அதில் இந்த மணிகள் குவியலாக இருக்கும். நீங்கள் வெள்ளையையும் சேர்த்துக் கரைத்திருப்பீர்கள். பச்சையாக, பழுப்பாக இருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். மீதி உருண்டை தீனியின் மாவு. சோளமும் கம்பும் தின்கிற பறவை, மாவுமணி வராமல் என்ன செய்யும்? மருந்துக்கடை டிங்சர் அயோடின் ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப் ஓரத்தில் விட்டுப் பாருங்கள். மாவு நீலக் கறுப்பாக மாறும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மேல் ஊற்றிப் பார்த்தோமே, அதேதான்.

இன்னொன்று, வெயிலை நேராக அந்தக் கண்ணாடியில் பிடித்துவிடாதீர்கள். கண் போய்விடும். வானத்து வெளிச்சம் போதும், இல்லாவிட்டால் ஒரு எல்ஈடி பல்பு.

காட்பாடி_மொட்டைமாடி

அக்கா, அயோடின் விட்டேன். பாதி உருண்டை நீலமாகிவிட்டது! நான் இரண்டு நாள் தூக்கம் கெட்டது சோள மாவுக்காகவா. வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆம்பூர்_ஜோடி

சிரிக்கட்டும், மருந்தை ஊற்றியிருந்தால் அழுதிருப்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு குஞ்சுகள் மெலிந்தன, யாரோ சொன்னார்கள் என்று ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கும் ஆல்பெண்டசோல் சிரப்பைத் தண்ணீரில் கலந்து ஐந்து நாள் கொடுத்தேன். முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை, எனக்கும் பெருமை. ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. பதினொன்று போனது. பிழைத்தவற்றுக்கு அந்தச் சமயத்தில் முளைத்த இறகெல்லாம் வளைந்து நடுவில் கிள்ளிவிட்டது மாதிரி வந்தது, அடுத்த இறகு உதிர்வு வரை பறக்கவே இல்லை. எச்சத்தைப் பார்க்காமலே கொடுத்தேன், உள்ளே பூச்சி இருந்ததா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

ஆம்பூர் அண்ணா சொன்னது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல மருந்து, ஆனால் புறா இனத்துக்கு ஆபத்து. எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது, வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், அதனால்தான் சாவு உடனே வராமல் ஒரு வாரம் பத்து நாள் கழித்து வருகிறது. வளரும் இறகையும் கெடுக்கும். ஆட்டுக்கு நல்லது புறாவுக்கும் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

காட்பாடி அண்ணா, தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் முறையில் அரிசி அளவு எச்சம்தான் ஸ்லைடில் போகும். முட்டை கொஞ்சமாக இருந்தால் கண்ணில் படாது. மிதக்கவிட்டுப் பாருங்கள். முட்டையைவிட அடர்த்தியான கரைசலில் எச்சத்தைக் கலக்கினால் குப்பை கீழே போகும், முட்டை மேலே வரும், அவ்வளவுதான் தத்துவம். ஒரு லிட்டர் தண்ணீரில் கல் உப்பு 400 கிராம் வரை போட்டுச் சூடாக்குங்கள், அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்க வேண்டும். ஆறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள், கல் உப்பில் மண் இருக்கும். எச்சம் இரண்டு கிராம், சுமார் அரை டீஸ்பூன், முப்பது மில்லி கரைசலில் நன்றாகக் கலக்கி வடிகட்டி, சின்னக் குப்பியில் விளிம்புக்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கிற வரை ஊற்றி, அதன் மேல் கவர் ஸ்லிப்பை வையுங்கள். பதினைந்து, இருபது நிமிடம். பிறகு கவர் ஸ்லிப்பை நேராகத் தூக்கி ஸ்லைடில் வைத்துப் பாருங்கள்.

வாலாஜா_நஞ்சை

இது எங்கள் விதைநெல் கதை அல்லவா! உப்புத் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கிற பதம் வந்ததும் நெல்லைக் கொட்டுவோம், பதர் மேலே வரும், நல்ல விதை அடியில் தங்கும். புறா எச்சத்துக்கும் கோழிமுட்டையை வைத்தே பதம் பார்க்கலாமே?

சத்துவாச்சாரி_லேப்

பதர் கணக்கு சரி. ஆனால் கோழிமுட்டை சீக்கிரமே மிதந்துவிடும், விதைநெல்லுக்கு அந்தப் பதம் போதும். இங்கே உப்பு இன்னும் கரையவே கரையாது என்று அடியில் நிற்கும் வரை போக வேண்டும், அப்போதுதான் 1.2 அடர்த்தி வரும். கோழிமுட்டையை நம்பினால் பூச்சிமுட்டை அடியிலேயே கிடக்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வடிகட்ட வீட்டு டீ வடிகட்டியை எடுக்காதீர்கள். பத்து ரூபாய் கொடுத்துத் தனியாக ஒன்று வாங்கிச் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது, ஆனால் என் தம்பியைப் பார்த்தவள் நான்.

காட்பாடி_மொட்டைமாடி

நூல் கட்டியாகிவிட்டது. தாமதமாகத்தான் கட்டினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் முயற்சி வீண். அக்னி நட்சத்திரம், மேலே ஃபேன், ஸ்லைடை வைத்து லென்ஸைச் சரிசெய்வதற்குள் உப்பு உறைந்து ஓரத்திலிருந்து உள்ளே வளர்கிறது. சதுரம் சதுரமாக, மார்கழிக் கோலம் மாதிரி. பார்க்க அழகுதான், முட்டை எங்கே? 40 லென்ஸை இறக்கும்போது கவனிக்காமல் கவர் ஸ்லிப்பை உடைத்தேன். லென்ஸ் முனையில் உப்புத் தண்ணீர் வேறு.

சத்துவாச்சாரி_லேப்

லென்ஸை இப்போதே துடையுங்கள், தண்ணீர் தொட்ட பஞ்சால் முதலில், பிறகு உலர்ந்த மெல்லிய துணியால். உப்பு நின்றால் உலோகம் அரிக்கும். இனிமேல் எப்போதும் 10 லென்ஸில் ஆரம்பித்து முட்டை மாதிரி ஏதாவது தென்பட்டால் மட்டும் 40க்குப் போங்கள், அதுவும் பக்கவாட்டில் குனிந்து இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். 100 லென்ஸ் எண்ணெய் விட்டுப் பார்ப்பது, இந்த வேலைக்குத் தேவையே இல்லை, கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். மேடைக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அது வெளிச்சத்தின் துவாரம். அதைப் பாதிக்கு மேல் மூடுங்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதை முழுதாகத் திறந்துவைத்து, வெளிச்சத்தில் முட்டையின் ஓடு கரைந்துபோய், ஒன்றுமே இல்லை என்பார்கள். பல முட்டைகளுக்கு நிறம் மிகக் குறைவு. அதன் விளிம்பு தெரிவது நிழலால்தான்.

குடியாத்தம்_பழசு

உப்பு உறைகிறது என்றால் சர்க்கரைப் பாகு வைத்துப் பார். எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் அந்தக் காலத்தில் ஆட்டுப் புழுக்கைக்கு அப்படித்தான் செய்வார். பூதக்கண்ணாடி வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன், ஆனால் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் ஒழுங்காகச் செய்.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

பெரியவர் சொன்னது சரியான வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் சர்க்கரை, அடுப்பில் சிறுதீயில் கரைய வேண்டும், கொதிக்கக் கூடாது. அடர்த்தி 1.27 வரை வரும். சீக்கிரம் உறையாது, முட்டையும் சுருங்காது. எறும்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். முதல்முறை 100 மில்லிக்கு மேல் காய்ச்சாதீர்கள், கெட்டுவிடும்.

காட்பாடி_மொட்டைமாடி

நான்கு நாள் கழித்து வருகிறேன். பாகு வேலை செய்கிறது. மூன்று நாள் காலை எச்சத்தைக் கூண்டு வாரியாகச் சேர்த்து, வெள்ளையை ஒதுக்கி, பாகில் கலக்கி, இருபது நிமிடம் வைத்துப் பார்த்தேன்.

மேல் கூண்டில், 40 லென்ஸில், சின்னதாக ஏறக்குறைய வட்டமாக, ஓடு இரண்டு கோடாக, உள்ளே ஒரு உருண்டை தனியாக நிற்கிறது. ஸ்லைடு முழுக்க ஏழெட்டுதான். இது மாவும் இல்லை, குமிழியும் இல்லை.

கீழ்க் கூண்டில் வேறு ஒன்று. 10 லென்ஸிலேயே கண்ணில் பட்டது. நீள்வட்டம், பழுப்பு, ஓடு தடிப்பு. 40க்குப் போனதும் ஆடிப்போய்விட்டேன். மிருதங்கம் மாதிரி இருக்கிறது! நடுவில் உப்பி, இரண்டு முனையிலும் கண்ணாடி மூடி வைத்து அடைத்தது போலப் பளிச்சென்று. மொத்தம் மூன்றே மூன்று. ஸ்லைடின் ஒரு மூலையிலிருந்து கோடு கோடாக, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போய்த் திரும்பி வந்து எண்ணினேன். கழுத்து வலிக்கிறது.

சத்துவாச்சாரி_லேப்

கழுத்து வலித்தால் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மிருதங்கம் நன்றாக இருக்கிறது, நாங்கள் மனிதர்களிடம் சாட்டைப் புழு முட்டைக்கு இதே உருவத்தைச் சொல்வோம், அதற்குத் தூரத்து உறவு இது. கேப்பிலேரியா. மயிர்ப்புழு என்பார்கள்.

அளவைச் சரிபார்க்க ஒரு வழி: உங்கள் தலைமுடி ஒன்றை அதே ஸ்லைடில் வையுங்கள். முடியின் அகலம் 60லிருந்து 80 மைக்ரான் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). நீங்கள் பார்த்த மிருதங்கத்தின் நீளம் முடி அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், சுமார் 50. மேல் கூண்டு உருண்டை முடி அகலத்தில் கால்வாசி, 15லிருந்து 20. அப்படி வந்தால் அது காக்சிடியா. முடி அகலத்தைவிடப் பெரிதாக, நீள்வட்டமாக, முனையில் மூடி இல்லாமல் வழவழவென்று ஒன்று இருந்தால் உருண்டைப்புழு.

காட்பாடி_மொட்டைமாடி

முடி வைத்தேன், இரண்டும் நீங்கள் சொன்ன அளவு. அப்படியானால் காக்சிடியா ஏழெட்டு, மயிர்ப்புழு மூன்று. காக்சிடியாவுக்குத்தானே முதலில் மருந்து? எண்ணிக்கை அதுதானே அதிகம்?

வேப்பேரி_கால்நடை_மாணவன்

இல்லை அண்ணா, தலைகீழ்.

காக்சிடியா கொஞ்சம் இல்லாத புறாவே கிடையாது என்று சொல்லலாம். வளர்ந்த பறவை நன்றாக இருந்து, ஸ்லைடில் ஏழெட்டுத் தென்பட்டால் அதன் உடம்பும் காக்சிடியாவும் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கின்றன என்று அர்த்தம். அதை மருந்தால் துடைத்துவிட்டால் குஞ்சுகளுக்கு எதிர்ப்பு வளர வாய்ப்பே இல்லாமல் போகும். கழிச்சல் உள்ள குஞ்சு, பார்க்கும் இடமெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உருண்டைகள் என்றால் அது வேறு விஷயம்.

மயிர்ப்புழு அப்படியில்லை. அந்தப் புழு மெல்லிய நூல், முட்டையும் குறைவாகத்தான் இடும், ஆனால் குடல் சுவரிலேயே தலையை நுழைத்துக் கிடக்கும். மூன்று முட்டை என்றால் மூன்று புழு என்று கணக்கு இல்லை. தீனி எடுத்தும் பறவை மெலிகிறது, சளி கலந்த எச்சம், கூடவே மூன்று மிருதங்கம் என்றால் எனக்கு அது போதும்.

இப்போது ஒரு கேள்வி. மாதாமாதம் கொடுக்கிற பூச்சி மருந்தின் அட்டையில் என்ன பெயர் இருக்கிறது?

காட்பாடி_மொட்டைமாடி

பைபரசின்.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

நினைத்தேன். பைபரசின் உருண்டைப்புழுவுக்கு. மயிர்ப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மாதம் தவறாமல் மருந்து கொடுத்தேன் என்று நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள், அதுவும் உள்ளே நிம்மதியாக இருந்தது.

ஆம்பூர்_ஜோடி

இந்த ஒரு வரிக்காகவே 3,500 ரூபாய் தகும்.

காட்பாடி_மொட்டைமாடி

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் எந்தப் பூச்சி என்று சொல்லவே இல்லையே. சரி, அடுத்து என்ன மருந்து? பெயரைச் சொல்லுங்கள்.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

பெயர் சொல்ல மாட்டேன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மயிர்ப்புழுவைக் கொல்லும் மருந்துகளில் ஒன்று ஆம்பூர் அண்ணாவின் பதினொன்றையும் கொன்றது. இன்னொன்று லெவாமிசோல், அதைக் கொடுத்தால் புறா வாந்தி எடுக்கும், குறித்த அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு. எடையைத் தராசில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஸ்லைடை போனில் படம் பிடித்து, எழுதிவைத்த எண்ணிக்கையோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எச்சமும் கொண்டுபோங்கள், அவர்களும் பார்க்கட்டும். கண் வைக்கும் துளையில் போன் கேமராவை ஒட்டிப் பிடித்தால் படம் வரும், கை நடுங்காமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றுங்கள்.

ராணிப்பேட்டை_ரயிலடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் புறாக்களுக்கு எச்சம் தண்ணீராகவே போகிறது, நடுவில் ஒரு சின்னப் பச்சைப் புழு மாதிரி கெட்டியாக நிற்கிறது, சுற்றி ஒரே தண்ணீர். இரண்டுக்குக் கழுத்து திருகுகிறது. காட்பாடி அண்ணனைப் பார்த்து நானும் ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு நோய் இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அதுவா?

வேப்பேரி_கால்நடை_மாணவன்

உங்கள் ஊர்ப் பெயரில் நோய் இல்லை அண்ணா, அது ராணிக்கெட், கோழிகளுக்கு வரும் வைரஸ் நோய். பெயர் வடக்கே மலையில் இருக்கிற ஒரு ஊருடையது. ராணிப்பேட்டையில் இருப்பது அந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கிற நிலையம், 1932லிருந்து இருக்கிறது. நோயும் மருந்தும் ஒரே மாதிரி பெயரில் வந்து மாட்டிக்கொண்டது, எங்கள் வகுப்பிலேயே இதில் தடுமாறியவர்கள் உண்டு.

நீங்கள் சொல்வது கழிச்சல் மாதிரி தெரியவில்லை. நடுவில் மலம் கெட்டியாக இருந்து சுற்றித் தண்ணீர் என்றால் அது சிறுநீர். கூடவே கழுத்துத் திருகல் என்றால் ராணிக்கெட் குடும்பத்து வைரஸ் ஒன்று புறாவுக்கு வரும், அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வைரஸ் இந்த மைக்ரோஸ்கோப்பில் ஜென்மத்துக்கும் தெரியாது. வாங்கவே வேண்டாம், அந்த இரண்டையும் தனியாகப் பிரித்து, இன்றைக்கே மருந்தகத்தில் காட்டுங்கள். உங்கள் கூண்டிலிருந்து யாருக்கும் குஞ்சு கொடுக்காதீர்கள்.

ராணிப்பேட்டை_ரயிலடி

பிரித்துவிட்டேன். நன்றி.

குடியாத்தம்_பழசு

வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி வருமே, அது எச்சத்தில் தெரியுமா? என் ஒரு பெட்டைக்கு லேசாக இருக்கிறது. கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி_லேப்

ஐயா, அது எச்சத்தில் தேடுகிற விஷயமே இல்லை. டிரைக்கோமோனாஸ் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, அது இருக்கும் இடம் தொண்டை. பஞ்சு சுற்றிய குச்சியை உப்பு நீரில், மிதக்கவிடக் காய்ச்சிய கரைசலில் இல்லை, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி வருமே அந்த சலைனில் நனைத்து, தொண்டைக்குள் மெல்லச் சுழற்றி எடுத்து, வெதுவெதுப்பான சலைன் ஒரு சொட்டில் கலக்கி உடனே பார்க்க வேண்டும். உடனே என்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். உயிரோடு இருந்தால் துள்ளித் துள்ளி ஒரே இடத்தில் சுழன்றுகொண்டு ஓடும், அந்த ஓட்டத்தை வைத்துத்தான் அடையாளம். காய்ந்துவிட்டால் வெறும் செல்லோடு செல்லாகக் கிடக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. மைக்ரோஸ்கோப் பறவையிடம் வர வேண்டும், பறவையைப் பஸ்ஸில் கொண்டுபோகிற வேலை இல்லை.

காட்பாடி_மொட்டைமாடி

ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான் குடியாத்தம் வருகிறேன், மைக்ரோஸ்கோப்பையே எடுத்துக்கொண்டு. பைக்கில் டப்பாவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

குடியாத்தம்_பழசு

வா. மதியம் சாப்பாடு இங்கேதான்.

ஆம்பூர்_ஜோடி

எல்லாரும் எச்சத்தை மேசையில் பரப்புகிறீர்கள், ஒன்று சொல்கிறேன். என் அப்பா இருபது வருடம் கூண்டைக் காய்ந்த எச்சத்தோடு சுரண்டினார், முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது, புறாத் தூசியால் வந்த நுரையீரல் கோளாறு என்றார்கள். சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனையுங்கள், மாஸ்க் போடுங்கள். புறா எச்சத்தில் வளரும் பூஞ்சை வகை ஒன்றும் இருக்கிறது, உடம்பில் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அது மூளைக் காய்ச்சல் வரை கொண்டுபோகும். மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.

காட்பாடி_மொட்டைமாடி

மேசையை மாடி அறைக்கு மாற்றிவிட்டேன். டீ வடிகட்டிக்குப் பிறகு வீட்டில் வேறு வழியும் இல்லை.

மருந்தகம் போய் வந்தேன். மருத்துவர் போன் படத்தைப் பார்த்ததும் அவர்களுடைய மைக்ரோஸ்கோப்பில் நான் கொண்டுபோன எச்சத்தை ஒருமுறை பார்த்து அதேதான் என்றார். ஒரு குஞ்சை எடைபோட்டார், 290 கிராம், இருக்க வேண்டியதைவிட நிறையக் குறைவு என்றார். கீழ்க் கூண்டுக்கு மட்டும் மருந்து, ஒவ்வொன்றுக்கும் எடை பார்த்து வாயில் சொட்டாக. மேல் கூண்டுக்கு ஒன்றும் வேண்டாம், குஞ்சுகளை மட்டும் கவனியுங்கள் என்றார். நான் வாங்கி வைத்திருந்த காக்சிடியா மருந்துப் பாட்டில் இன்னும் உடைக்காமல் அப்படியே இருக்கிறது.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

நல்லது. இப்போது கூண்டைப் பாருங்கள் அண்ணா. கீழ்க் கூண்டில் மட்டும் ஏன்? மயிர்ப்புழு முட்டை எச்சத்தில் வெளியே வந்த உடனே தொற்றாது, ஈரத்தில் ஒன்றிரண்டு வாரம் கிடந்தால்தான் உள்ளே புழு உருவாகும். எங்கேயாவது ஈரம் நிற்கிறதா?

காட்பாடி_மொட்டைமாடி

தண்ணீர்த் தட்டு! கீழ்க் கூண்டில் குளிக்க வைக்கிற அகலத் தட்டு, தினமும் சிந்தி அதன் அடியில் பலகை எப்போதும் நமநமவென்று இருக்கும். அங்கேயே தீனியும் சிதறும். நான் இதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

பலகையைக் கழற்றி மாடியில் நல்ல வெயிலில் போட்டுவிட்டேன். அதற்கு முன் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன்.

வாலாஜா_நஞ்சை

வேலூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறோம், பலகை காயவைக்கவாவது உதவட்டும்.

வேப்பேரி_கால்நடை_மாணவன்

கொதிநீரும் வெயிலில் காயவைப்பதும் சரியான வழி. ப்ளீச்சிங் பவுடரை நம்பாதீர்கள், காக்சிடியாவின் ஓட்டை அது ஒன்றும் செய்யாது. 1674ல் மைக்ரோஸ்கோப் முன்னோடி லேவன்ஹூக் முயலின் பித்தத்தில் பார்த்து எழுதிய சின்ன முட்டை மாதிரி உருவங்கள் இந்த காக்சிடியாதான் என்று சொல்வார்கள். அவர் கையில் இருந்தது ஒற்றை லென்ஸ், அண்ணனுடையதைவிடச் சின்னது.

இரண்டு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள், மருந்து வேலை செய்ததா என்று தெரியும். ஆறு வாரத்தில் இன்னொரு முறை, கூண்டிலிருந்து திரும்பத் தொற்றியதா என்று தெரியும். அதே அளவு எச்சம், அதே பாகு, அதே இருபது நிமிடம். அளவு மாறினால் எண்ணிக்கையை ஒப்பிடவே முடியாது. முட்டை எண்ணுவதற்கென்றே கோடு போட்டு இரண்டு அறை வைத்த மேக்மாஸ்டர் ஸ்லைடு இருந்தால் கிராமுக்கு இத்தனை என்று கணக்கிடலாம். நான்கு கிராம் எச்சம், கரைசலோடு மொத்தம் 60 மில்லி, இரண்டு அறையிலும் எண்ணியதை 50ஆல் பெருக்கினால் வரும். இல்லாவிட்டால் கவர் ஸ்லிப் கணக்கே போதும்.

குடியாத்தம்_பழசு

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். என் பெட்டையின் தொண்டையில் எடுத்ததைக் காட்டினான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது, முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு பார்த்தேன். மழைக்காலத்துத் தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவது மாதிரி இல்லை, அது துடிக்கிறது, சிலிர்க்கிறது, ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது. நாற்பது வருடமாக இதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், முகத்தை இப்போதுதான் பார்த்தேன்.

பூண்டுத் தண்ணீரையும் சோதித்தோம். என் கூண்டு ஒன்றில் உருண்டைப்புழு முட்டை இருந்தது. பூண்டு கொடுப்பதற்கு முன் 14, பத்து நாள் கொடுத்த பிறகு பையன் மறுபடி வந்து எண்ணினான், 16. ஒரே ஒரு கூண்டு, ஒரே ஒரு முறை, இதை வைத்து யாரும் என்னிடம் வாதம் செய்ய வேண்டாம். பூண்டு போடுவதை நான் நிறுத்தப் போவதில்லை, பறவைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் பூச்சி மருந்து என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

சத்துவாச்சாரி_லேப்

ஐயா, 14க்கும் 16க்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை, எண்ணும்போதே அவ்வளவு முன்பின் வரும். கூடவில்லை, குறையவும் இல்லை.

காட்பாடி_மொட்டைமாடி

இரண்டாம் வாரம் பார்த்தேன், கீழ்க் கூண்டு மிருதங்கம் பூஜ்யம். மூன்று நாள் எச்சம் சேர்த்து, இரண்டு ஸ்லைடு.

ஆறாம் வாரம் இன்று. ஒன்று. ஒரே ஒன்று, இரண்டாவது ஸ்லைடின் ஓரத்தில், கிட்டத்தட்ட விட்டிருப்பேன். பலகையை மாற்றிவிட்டேன், தட்டையும் வெளியே வைத்துவிட்டேன், பிறகு எங்கிருந்து என்று யோசித்துக் கூண்டின் உள்ளே படுத்துப் பார்த்தால், பின்சுவர் மூலையில் ஏர்கூலர் தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது. நாளைக்குப் பிளம்பர் வருகிறார். எடைபோட்ட அதே குஞ்சு இப்போது 385 கிராம்.

அக்கா, ஒரு விஷயம். தெருப் பையன்கள் தகவல் தெரிந்து காகிதத்தில் எச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்று காலை மட்டும் நான்கு பொட்டலம். ஒன்றில்கூட யாருடையது, எந்தக் கூண்டு, என்றைக்கு எடுத்தது என்று எழுதவில்லை.

சத்துவாச்சாரி_லேப்

பெயரும் தேதியும் இல்லாத பொட்டலத்தைத் திருப்பி அனுப்புங்கள். பதினெட்டு வருடமும் எனக்கு அதுதான் சண்டை.